கோமதி டீச்சரின் தலைநகரம்

என் மனைவி கோமதி மாலத்தீவுக்குக் கணக்கு டீச்சராகப் போய் இரண்டாம் வருடம் முடியும் சமயத்தில் ஒரு கடிதம் எழுதினாள். கிணற்றுத் தண்ணீரின் உப்பு, பிள்ளைகளின் பரீட்சை, மழை என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டு, கடைசி வரியில், ‘இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்’ என்று முடித்திருந்தாள். போடட்டுமா என்று கேட்கவில்லை. போட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாள். சங்கரன்கோவிலில் என் ஜவுளிக்கடையில், துணி கிழிக்கிற சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து, அந்த ஒரு வரியையே ஒரு வாரம் படித்தேன்.

எங்கள் மகள் உமாவுக்கு அப்போது ஏழு வயது. கோமதி போனதிலிருந்து அவளை வளர்த்தது என்னோடு இருக்கும் என் அக்கா. நடுவில் ஒரு முறை கோமதி லீவுக்கு வந்தாள். உமா அவளிடம் ஒட்டத் தொடங்குவதற்குள் திரும்பிப் போய்விட்டாள். ரத வீதியில் நடந்தால் ஒவ்வொரு கடைக்காரரும், “வீட்டுல எப்ப வாராக?” என்று கேட்பார்கள். “வருத மாசம்” என்று சொல்லிச் சொல்லி எனக்கே அந்தப் பதில் சலித்துவிட்டது.

கடிதத்தைப் படித்துக் காட்டியதும் அக்கா, “நீயே போயி கூட்டிட்டு வாலே. பிள்ளையையும் கொண்டுபோ. பிள்ளை மொகத்தப் பாத்தா அவ மறு பேச்சு பேச மாட்டா” என்றாள். அப்படித்தான் நான் முதன்முதலாக வெளிநாடு கிளம்பினேன். மனைவியைத் திருப்பிக் கொண்டுவர மகளை எடுத்துக்கொண்டு போனேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்காது. ஆனால் நடந்தது அதுதான்.

விமானம் இறங்கத் தொடங்கியதும் ஜன்னல் வழியே பார்த்தேன். கீழே தண்ணீர். இன்னும் இறங்கியது. இன்னும் தண்ணீர். நாங்கள் கரிசல் காட்டுக்காரர்கள். கோடையில் திருவேங்கடம் பக்கம் போனால் நிலம் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். தண்ணீரைப் பார்த்துப் பயப்பட எங்களுக்கு வாய்ப்பே கிடைத்ததில்லை. “எப்பா, ரோட்டையே காணோம்?” என்றாள் உமா. நானும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். நான் கண்ணை மூடிக்கொண்ட நேரத்தில் சக்கரம் தரையைத் தொட்டது. அந்தத் தீவில் விமானம் ஓடும் பாதைக்குத்தான் இடம் இருந்தது. இரண்டு பக்கமும் கடல் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது.

சுங்கப் பரிசோதனையில் என் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார் ஓர் இளம் அதிகாரி. எங்கள் ஊர்க் கோயிலின் புற்றுமண். கோமதிக்கு வயிற்றுவலி வந்தால் கரைத்துக் குடிக்கட்டும் என்று அக்கா கொடுத்துவிட்டது. அவர் முகர்ந்து பார்த்தார். இன்னொருவரைக் கூப்பிட்டார். அவரும் முகர்ந்தார். என்னிடம் ஏதோ இந்தியில் கேட்டார். இந்தியாவிலிருந்து வந்தவனுக்கு இந்தி தெரியவில்லை என்றதும் இருவர் முகமும் மாறிவிட்டது. எனக்கு வேர்த்து ஊற்றியது. புத்தி கெட்டுப் போய் இதைக் கொண்டுவந்தோமே, இப்படியே திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று பதறினேன்.

“என்ன வே அது?” என்று பின்னாலிருந்து ஒரு தமிழ்க் குரல். சேவியர் என்று பெயர். தூத்துக்குடியிலிருந்து தோணியில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் மாலேவுக்கு அனுப்பும் வியாபாரி ஒருவரின் ஆள். வருடத்தில் பாதி நாள் அங்கேயே இருப்பவர். நான் சொன்னதைக் கேட்டு அவர்கள் பாஷையில் எடுத்துச் சொன்னார். அதிகாரி கேட்ட கேள்வியைச் சேவியர் எனக்குத் தமிழில் சொன்னார்: “யாரு வீட்டுக்கு வந்திருக்கீருன்னு கேக்கான்.”

கோமதி டீச்சர் வீட்டுக்கு என்றேன். அதிகாரி நிமிர்ந்தார். சேவியரிடம் வேகமாக ஏதோ சொன்னார்.

“ஓம்ம வீட்டம்மாதான் இவன் தம்பிக்குக் கணக்கு எடுக்காவளாம். போன பரீட்சையில பாஸாயிட்டானாம். எடுத்துட்டுப் போவும்.”

பொட்டலத்தை முன்பைவிட நேர்த்தியாக மடித்து என் கையில் கொடுத்தார் அதிகாரி.

அங்கிருந்து தலைநகரத்துக்குக் கடலைத் தாண்ட வேண்டும். படகுக்கு அவர்களும் தோணி என்றுதான் சொல்கிறார்கள். அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. தோணி ஆடியதும் அதுவும் போய்விட்டது. உமாவின் மணிக்கட்டை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்று கரையேறியபின் அதில் சிவந்திருந்த தடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

துறையில் கோமதி குடை பிடித்து நின்றாள். மெலிந்திருந்தாள், கறுத்திருந்தாள். ஆனால் நிற்கிற விதத்தில் ஏதோ மாறியிருந்தது. எங்கள் ஊரில் அவள் அப்படி நேராக நின்று நான் பார்த்ததில்லை. உமா என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். “ஏட்டி, அம்மாகிட்ட போ” என்று முன்னால் தள்ளினேன். உமா இரண்டு கையையும் குவித்து, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வது போல, “வணக்கம்” என்றாள்.

கோமதி சிரித்தபடி பதிலுக்கு வணக்கம் சொன்னாள். உடனே குனிந்து எங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள். வீடு போய்ச் சேரும்வரை அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஹவ்வா என்ற அம்மாளின் வீட்டில் ஓர் அறை கோமதிக்கு. பவளப் பாறையை வெட்டிக் கட்டிய சுவர். முற்றத்தில் கிணறு, நீளக் கழியின் நுனியில் தகர டப்பாவைக் கட்டி, நின்றபடியே முகந்துகொள்ளலாம். அவ்வளவு மேலே இருக்கிறது தண்ணீர். எங்கள் ஊரில் எவ்வளவோ கயிறு விட்டு இறைத்தவன் நான். நமக்குக் கிடைக்காததெல்லாம் இங்கே காலடியில் இருக்கிறதே என்று ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். உப்பு. குடிக்க மழைத் தண்ணீர்தான்.

ஹவ்வா ஒரு தட்டில் பலகாரம் அனுப்பினார். துருவிய தேங்காய், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை, அதோடு உதிர்த்த மீன். எங்கள் வீட்டில் மீன் புழங்குவதில்லை. கோமதி அதை ரொட்டியில் வைத்துச் சுருட்டி இயல்பாகச் சாப்பிட்டாள். நான் பார்ப்பதைக் கவனித்து, “மொத ஆறு மாசம் பருப்புப் பொடியிலதான் ஓட்டுனேன். பெறகு முடியல” என்றாள். உமா, “தொவையலா?” என்று கேட்டு வாங்கித் தின்றாள். மீன் என்று சொன்ன பிறகும் இன்னொரு வாய் கேட்டாள்.

மறுநாள் காலை கோமதி பள்ளிக்குப் போனதும் உமாவைக் கூட்டிக்கொண்டு ஊர் பார்க்கக் கிளம்பினேன். வெள்ளை மணல் தெருக்கள். விடியும்போதே பெண்கள் வாசலை மட்டுமல்ல, தெருவையே பெருக்கிவிட்டிருந்தார்கள். எங்கும் சைக்கிள். வீடுகளுக்கு எண் கிடையாது, பெயர்தான். நாயே இல்லை என்பதை உமாதான் முதலில் கண்டுபிடித்தாள். காக்கை மட்டும் நம் ஊரைவிட அதிகம். ஒரே திசையில் நடந்தேன், கடல் வந்தது. திரும்பி எதிர்த்திசையில் நடந்தேன். அதற்குள் அங்கேயும் கடல். சங்கரன்கோவிலில் நான்கு ரத வீதியையும் சுற்றி, ரயில் நிலையம்வரை போய்த் திரும்புகிற நேரத்தில் ஒரு நாட்டின் தலைநகரத்தைச் சுற்றி முடித்துவிட்டோம். அதற்குள்ளேயே ஜனாதிபதி, மந்திரிகள், நீதிமன்றம், சிறை, துறைமுகம், எல்லாம். சைக்கிளில் போன ஒரு பெரியவர் உமாவைப் பார்த்து மணியடித்துச் சிரித்தார். அவர் ஒரு இலாகாவின் பெரிய அதிகாரி என்று கோமதி பிறகு சொன்னாள்.

எதிர்ப்பட்ட அத்தனை பேரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். மத்தியானம் கோமதியிடம் அது என்னவென்று கேட்டேன்.

“‘எங்க போறிய’ன்னு கேக்காவ. இங்க அதுதான் வணக்கம் மாதிரி.”

எனக்குச் சுருக்கென்றது. கிளம்புகிறவனைப் பார்த்து எங்கே என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது என்று வளர்ந்தவன் நான். எங்கள் ஊரில் மிஞ்சிப் போனால், “தூரமா?” என்று கேட்பார்கள். இங்கே ஒரு காலைப்பொழுதில் நாற்பது பேர் கேட்டுவிட்டார்கள். வந்த காரியத்தின் கதி என்ன ஆகுமோ என்று அன்று முழுவதும் மனசு அடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் சேவியர் என்னைத் தேநீர்க் கடைக்குக் கூட்டிப் போனார். ஆண்கள் மட்டும்தான். மேஜையில் பத்துப் பதினைந்து சின்னத் தட்டுகளில் பலகாரங்களைப் பரப்பி வைத்துவிடுகிறார்கள், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றிலும் மீன். மீன் இல்லாதது என்று சேவியர் காட்டிய ஒன்றை எடுத்துக் கடித்தேன், இனிப்புத் தேங்காய். பால் பொடியில் போட்ட டீ.

பக்கத்து மேஜைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஏதோ கேட்டார். சேவியர் சற்றுத் தயங்கினார்.

“என்ன கேக்காரு?”

“டீச்சரத் திரும்பக் கூட்டிட்டுப் போவத்தான் வந்திருக்கீராமா? இவர் பொண்ணு அடுத்த வருஷம் பெரிய பரீட்சை எழுதுதாம். அதுவரைக்குமாவது விட்டு வையும்ங்காரு.”

டீ கையிலேயே ஆறிப்போனது. நான் கோமதியிடம் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. எப்படித் தொடங்குவது என்றுதான் மூன்று நாளாகத் தவித்துக்கொண்டிருந்தேன். நான் என் மனைவியிடம் கேட்பதற்கு முன்னால் தேநீர்க் கடையில் ஒருவர் எனக்கு மறுப்புச் சொல்கிறார்!

“சின்ன ஊரு அண்ணாச்சி. இங்க தும்முனா அந்தக் கரையில உள்ளவன் மருந்து கொண்டாருவான். எனக்கும் மொதல்ல மூச்சு முட்டும். பழகிரும்” என்றார் சேவியர்.

எனக்குப் பழகவேண்டிய அவசியம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அதுவும் ஊரெல்லாம் பரவிவிடும் என்ற பயம்.

நான்காம் நாள் சாயங்காலம் பேசினோம். அறையில் பேச முடியாது. ஹவ்வாவின் அறைக்கும் எங்களுக்கும் நடுவே பலகைத் தடுப்புதான். உமாவை ஹவ்வாவின் பெண்களோடு விட்டுவிட்டுக் கடலோரச் சுவரில் போய் உட்கார்ந்தோம்.

“ஏன் கேக்காமப் போட்ட?” என்றேன்.

“கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பிய.”

“சொல்லியிருப்பேன்தான்.”

“அதான் கேக்கல.”

அதற்குள் இரண்டு பெண்கள் வந்து, நாளைக்குத் தேர்வு உண்டா டீச்சர் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் போகும்வரை இருவரும் சிரித்த முகமாக இருந்தோம். சண்டையைத் துண்டு துண்டாகத்தான் போட முடிந்தது. ஒரு வார்த்தை சொல்வதற்குள் ஒரு சைக்கிள் நிற்கும். எங்கே வந்தீர்கள் என்று விசாரிக்கும்.

“பி.எட். முடிச்சு எம்ப்ளாய்மென்ட்ல பதிஞ்சிட்டு ஒம்பது வருஷம் காத்துக் கெடந்தேன்” என்றாள் கோமதி. “அந்த ஒம்பது வருஷமும் ஒங்க கடையில சேலை மடிச்சேன். நீங்க ஒரு கொறையும் வைக்கல. ஆனா கனவுலயும் சேலை மடிச்சேன். அது ஒங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது. அவள் சொன்னதில்லை.

“அப்ப பிள்ளை? பெத்த தாயக் கையெடுத்துக் கும்பிடுதா. பாத்தேல்லா?”

அவள் கடலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “பாத்தேன். அதான் சொல்லுதேன். அவ இங்கன எங்கிட்ட இருக்கட்டும். என் பள்ளிக்கூடத்துலயே சேத்துக்கிடுவாவ.”

ஒருத்தியைக் கூட்டிப் போக வந்தவனிடம் இன்னொருத்தியையும் கேட்கிறாள். “அக்காவுக்கு யாரு பதில் சொல்லுதது?” என்று கத்திவிட்டேன். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள். கோமதி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

“உமாகிட்ட மட்டும் கேக்காதிய. யார்ட்ட இருக்கணும்னு ஏழு வயசுப் பிள்ளையச் சொல்லச் சொல்லக்கூடாது. நாம ரெண்டு பேருந்தான் முடிவு பண்ணணும்.”

ஐந்தாம் நாள் காலை, சேவியரைப் பார்த்துவிட்டுப் பதினொரு மணிக்குத் திரும்பினேன். முற்றத்தில் ஹவ்வா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் என் பின்னால் எட்டிப் பார்த்தார். கையால் உமாவின் உயரத்தைக் காட்டி, எங்கே என்று சைகை செய்தார்.

நான் உமாவை அவரிடம் விட்டுவிட்டுப் போனதாக நினைத்திருந்தேன். அவரோ அவள் என்னோடு வந்ததாக நினைத்திருக்கிறார்.

தெருவில் ஓடினேன். எந்தத் தெருவில் திரும்பினாலும் கோடியில் நீலமாகக் கடல் தெரிந்தது. ஊர் சுற்றிப் பார்த்த அன்று அது வேடிக்கையாக இருந்தது. இப்போது நாலு பக்கமும் கிணறு வெட்டி நடுவில் பிள்ளையை விட்டுவிட்டது போல் இருந்தது. எதிரே வந்தவர்கள் வழக்கம் போல எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். பதில் சொல்ல எனக்குப் பாஷை இல்லை. இடுப்புயரத்துக்குக் கையைக் காட்டி, “உமா, உமா, கோமதி டீச்சர்” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒரு தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு வடக்கே கைகாட்டினார். விளக்குமாற்றோடு நின்ற ஒரு பெண்ணும் வடக்கே காட்டினாள். வடக்கேதான் துறைமுகம்.

ஓடிப்போய்த் துறையின் விளிம்பில் நின்றேன். வெளித்தீவுகளுக்குப் போகிற தோணிகள் வரிசையாக நின்றன. இரண்டு அப்போதுதான் கிளம்பித் துறைமுக வாயில் வழியே போய்க்கொண்டிருந்தன. இதில் ஏறிவிட்டாளா? விழுந்துவிட்டாளா? தோணிகளுக்கு இடையிலிருந்த தண்ணீரை ஒவ்வோர் இடமாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். ஓரிடத்தில் மஞ்சளாக ஒரு துணி மிதந்தது. உமா காலையில் போட்டிருந்தது மஞ்சள் பாவாடை.

படியில் இறங்கியது நினைவில்லை. தண்ணீருக்குள் நின்று அதை இழுத்துக்கொண்டிருந்தேன். துணி கையில் பட்டதும் தெரிந்துவிட்டது, அது பாலியஸ்டர். அவள் போட்டிருந்தது என் கடைப் பருத்திச் சீட்டி. புத்தி வேலை செய்யாத அந்த நேரத்திலும் இருபது வருடம் துணி தொட்ட விரல் சொன்னது. இருந்தாலும் நான் அதை விடவில்லை. முழுதாக இழுத்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்த்தபிறகுதான் விட்டேன். யாரோ தோணி துடைத்துப் போட்ட கந்தல்.

மேலே கூட்டம் கூடியிருந்தது. நடுவே ஒரு போலீஸ்காரர் சைக்கிளோடு நின்றிருந்தார். எனக்குப் புரிகிற மாதிரி மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார்: டீச்சர் மகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள். பின்சீட்டைத் தட்டிக் காட்டினார். ஈரத் துணியோடு ஏறி உட்கார்ந்தேன். வழியெல்லாம் வாசலில் நின்றவர்கள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். அந்தத் தையல்காரர் சிரித்தபடி கையை உயர்த்தினார். உமா கிடைத்துவிட்டது ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் கடைசியில் தெரிந்திருக்கிறது. பள்ளிக்கூடமும் அதே வடக்குத் திசையில்தான். எல்லோரும் அதைத்தான் எனக்குக் காட்டியிருக்கிறார்கள். எனக்குக் கடல் மட்டும் தெரிந்திருக்கிறது.

வகுப்பின் ஜன்னலோரம் போய் நின்றேன். கரும்பலகை முன்னால் கோமதி. ஒரு வட்டத்தை வரைந்து கூறு போட்டு, பின்னக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலை நான் வீட்டில் கேட்டதே இல்லை. அவசரமே இல்லாத குரல். ஒரு பையன் தப்பாகப் பதில் சொன்னான். அவள், “எப்படி வந்துச்சு, சொல்லு பாப்போம்” என்பது போல ஆங்கிலத்தில் ஏதோ கேட்டு, அவனே தன் தப்பைப் பிடிக்கும்வரை காத்து நின்றாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் என் மனைவி தன் வேலையைச் செய்வதை நான் பார்த்தது அன்றுதான். கடைசி பெஞ்சில் ஒரு பெரிய பெண்ணின் பக்கத்தில் உமா. வாயைத் திறந்தபடி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோமதி என்னைக் கவனித்து வெளியே வந்தாள். இடுப்புவரை நனைந்திருந்த என்னைப் பார்த்தாள்.

“என்னாச்சு? நீங்கதான அவள அனுப்புனிய?”

இல்லையென்று தலையை ஆட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். விரலிலிருந்த சாக்பீஸ் சுவரில் கோடு இழுத்துக்கொண்டே இறங்கியது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “மணி அடிக்கட்டும், வாரேன்” என்று உள்ளே போய் அந்தக் கணக்கை முடித்தாள்.

“எப்படிட்டி வந்த?” என்று உமாவிடம் கேட்டேன்.

“அம்மா தெனம் எங்க போறான்னு பாக்க வந்தேன். எல்லாரும் எங்க போறன்னு கேட்டாவ. கோமதி டீச்சர்னு சொன்னேன். வழி காட்டுனாவ.” அவளுக்கு அது ஒரு பெரிய காரியமாகவே தெரியவில்லை.

அன்று பயத்தில் எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: பிள்ளையை அள்ளிக்கொண்டு, சுற்றிலும் மண் இருக்கிற ஊருக்கு ஓடிவிட வேண்டும். அந்தச் சாயங்காலமும் மறுநாளும் கோமதியிடம் சரியாகப் பேசவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. உமாவை முற்றத்தில் உட்காரவைத்துத் தலைசீவிக்கொண்டிருந்தாள். ஊரில் அக்கா சீவும்போது துள்ளுகிற பிள்ளை, அசையாமல் இருந்தது. எனக்கு அக்காவை நினைத்துத்தான் வலித்தது.

ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை, விடுமுறை. சாயங்காலம் மீன் சந்தைக்குப் போனோம். தரையில் சூரை மீன்கள் விறகு போல அடுக்கிக் கிடந்தன. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றேன். கைலி கட்டி, ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கியபடி வந்த பெரியவர் கோமதியைப் பார்த்து நின்றார். நாங்கள் ஊர் சுற்றிய அன்று சைக்கிள் மணியடித்த அதே பெரிய அதிகாரி. வெளிநாட்டார் தங்குவதற்கான அனுமதியெல்லாம் அவர் கையெழுத்தில்தானாம். நம் தாலுகா அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்கு எத்தனை நடை நடக்கிறோம்! இங்கே கோப்பு மீன் சந்தையில் நகர்கிறது.

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. துறைமுகத்தில் நான் இறங்கி நின்றதுகூட. கோமதி ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே உமாவைக் காட்டி ஏதோ சொல்லிவிட்டு, நேராக என்னைப் பார்த்துக் கேட்டார். கோமதி மொழிபெயர்த்தாள். குரல் லேசாக உடைந்தது.

“பிள்ளை இங்க இருக்க அப்பாவுக்குச் சம்மதமான்னு கேக்காரு.”

மீன் வெட்டுகிறவர் கத்தியை நிறுத்திவிட்டார். சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். உமா ஒரு மீனின் கண்ணை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் கவனிக்கவில்லை.

“சம்மதம்” என்றேன்.

அத்தனை பேர் பார்க்க மறுக்கத் துணிவில்லாமல் சொன்னேனா, மனதாரச் சொன்னேனா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. திரும்பி நடக்கையில், அந்த ஊரில் யாரும் செய்யாத காரியமாக, நடுத்தெருவில் கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எதிரே வந்தவர்கள் எங்கே போகிறீர்கள் என்று அப்போது கேட்கவில்லை.

மறுநாள் கிளம்பினேன். துறையில் உமா அழவில்லை. நான் தோணியில் ஏறி உட்கார்ந்தபிறகுதான் அவள் முகம் கோணியது. கோமதியின் புடவைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். தோணி நகர்ந்துவிட்டது.

சங்கரன்கோவில் பஸ் நிலையத்தில் இறங்கி, வெயிலில் வீட்டுக்கு நடந்தேன். தெருமுனையிலேயே அக்கா நின்றிருந்தாள். என் பின்னால் பார்த்தாள். ஒரு மாட்டுவண்டி வந்துகொண்டிருந்தது. அது கடந்து போகும்வரை பார்த்தாள்.

“அவ வரலையா?”

“வரல.”

“பிள்ளை?”

“அவ அம்மாகிட்ட இருக்கா.”

அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். உள்ளே போய் எனக்குச் சோறு போட்டாள். சாப்பிட்டு முடிக்கும்வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“காய்ச்சல் வந்தா அவளுக்கு மாத்திரையப் பொடிச்சு வெல்லத்துல வச்சுக் குடுக்கணும். முழுசா முழுங்க மாட்டா. சொன்னியாலே?”

“இல்லக்கா.”

“இடி இடிச்சா வெளிய சொல்ல மாட்டா. போர்வைக்குள்ள காத அமுக்கிட்டுக் கெடப்பா. நாமளா போயிப் பக்கத்துல படுக்கணும்.”

“அது எனக்கே தெரியாதேக்கா.”

அக்கா எழுந்து போய் என் பேனாவையும், வெளிநாட்டுக்கு எழுதுகிற நீலக் கடிதத் தாளையும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். நான் கை கழுவி வரும்வரை காத்திருந்தாள்.

“எழுது” என்றாள். “நான் சொல்லுதேன்.”